அணுவிசை நீர்மூழ்கி: ஒரு சொல் விளக்கம்

ஆஸ்திரேலியா வாங்கப்போகிற கப்பலைப் பற்றிய செய்திகளில் 'அணுசக்தி நீர்மூழ்கி', 'அணு நீர்மூழ்கி', 'அணு ஆயுத நீர்மூழ்கி' என்று மூன்று பெயர்களும் மாறி மாறி வருகின்றன. மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் மூன்றாவது முழுத் தவறு. அந்தக் கப்பலில் அணுகுண்டு கிடையாது. அணு உலை அதன் எஞ்சின் மட்டுமே.

முதலில் 'சப்மரீன்'. லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'மரே' என்றால் கடல். கடலடி என்ற பெயரடையாக இருந்து, பிறகு கப்பலுக்கே பெயரானது. மலையாளத்தில் அந்தர்வாஹினி. தமிழ் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டது: மரங்கொத்தி, மண்வெட்டி போல நீர்மூழ்கி. இதில் ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. 'நீர்மூழ்கி மூழ்கியது' என்று எழுதினால் அது தன் வேலையைச் செய்ததா, விபத்தில் சிக்கியதா? 2000 ஆகஸ்டில் 118 பேருடன் பேரன்ட்ஸ் கடலுக்குள் போன ரஷ்யாவின் குர்ஸ்க் பற்றி எழுதுகிறவர் வேறு வினை தேட வேண்டும்.

நம் பக்கம் கிணற்றில் பையன்கள் போடுவது முங்கு நீச்சல். கண்மாயில் முக்குளிப்பான் பறவையைப் பார்த்திருப்பீர்கள்: தலையைக் கவிழ்த்துச் சட்டென்று உள்ளே போகும், கொஞ்சம் தள்ளி எதிர்பாராத இடத்தில் எழும்பும். பாண்டியர் துறைமுகமான கொற்கையின் முத்துக்குளிப்பிலும் 'குளி' என்பதற்கு மூழ்குதல் என்றே பொருள். போய்த் திரும்பி வருவதும் சேர்ந்திருப்பதால் 'முக்குளி' எனக்குப் பிடித்த சொல். சரி, நீர்மூழ்கி நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

அடுத்து 'நியூக்ளியர்'. நியூக்ளியஸ் என்றால் லத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. பள்ளிப் பாடநூல் அணுக்கரு என்கிறது, நாளிதழ்கள் அணு என்று சுருக்கிக்கொண்டன. குழப்பம் 'சக்தி'யில்தான். எரிபொருளையும் அது குறிக்கும், வல்லமையையும் குறிக்கும். அதனால் 'அணுவிசை' என்பது என் தேர்வு. விசை என்றால் ஃபோர்ஸ் அல்லவா என்று இயற்பியல் ஆசிரியர்கள் கேட்கலாம். ராமேஸ்வரத்து விசைப்படகு யாரையும் குழப்பவில்லையே.

விசை எதற்கு இத்தனை முக்கியம்? டீசல் நீர்மூழ்கி பேட்டரியில் ஓடும். சார்ஜ் ஏற்ற எஞ்சினை ஓட்டக் காற்று வேண்டும், அதற்கு மேற்பரப்பை ஒட்டி வர வேண்டும். வந்தால் எதிரி கண்ணில் படும். அணு உலைக்குக் காற்றே வேண்டாம். உள்ளே இருப்பவர்களுக்கு ஆக்சிஜனைக் கடல்நீரிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். சாப்பாடு தீர்ந்தால்தான் திரும்ப வேண்டும். அமெரிக்காவின் நாட்டிலஸ் 1955 ஜனவரியில் இப்படி முதன்முதலாகப் புறப்பட்டது.

இந்த நுட்பத்தை அமெரிக்கா எளிதில் யாருக்கும் தருவதில்லை. 1958 ஒப்பந்தப்படி பிரிட்டனுக்குத் தந்தது. அடுத்து ஆஸ்திரேலியாவுக்குத் தருவதாக 2021 செப்டம்பரில் ஆக்கஸ் என்ற உடன்பாட்டின் அறிவிப்பு வந்தது. இந்த மூன்று நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த சொல் அது. பிரான்சிடம் 12 டீசல் நீர்மூழ்கிகளுக்குப் போட்டிருந்த ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா அத்தோடு கைவிட்டது. பாரிஸ் கோபத்தில் தூதர்களைத் திரும்ப அழைத்தது.

2023 மார்ச்சில் வெளியான திட்டம் இதுதான்: 2030களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வகையில் மூன்று, தேவைப்பட்டால் ஐந்து. பிறகு பிரிட்டனோடு சேர்ந்து வடிவமைக்கும் புது வகையை அடிலெய்டில் கட்டுவது. செலவு 2050களின் நடு வரை 268 முதல் 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்கு.

காசு இருந்தாலும் கப்பல் வேண்டுமே. இந்தக் கப்பல்களைக் கட்டும் தளங்கள் அமெரிக்காவில் இரண்டே: கனெக்டிகட் மாநிலத்தின் குரோட்டன், வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ். ஆண்டுக்கு இரண்டு கட்ட வேண்டிய இடத்தில் சுமார் 1.2தான் தேறுகிறது. பற்றவைப்பாளர் முதல் அணு உலைப் பொறியாளர் வரை ஆள் பற்றாக்குறை. விற்பதற்கு முன் தன் கடற்படைக்குக் குறை வராது என்று அமெரிக்க அதிபர் சான்று தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தளங்களை விரிவாக்க ஆஸ்திரேலியாவே 3 பில்லியன் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. கடைக்காரரின் பட்டறைக்கு வாடிக்கையாளரே முதல் போடுகிற கதை. எரிபொருள் ஆயுதத்தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம் என்பதால், உலையை மூடி முத்திரையிட்டே தருவார்கள்.

இந்தியா வேறு வழியில் போனது. சோவியத்திடமிருந்து 1988இல் சக்ரா என்ற அணுவிசை நீர்மூழ்கியைக் குத்தகைக்கு எடுத்தது, 2012இல் ரஷ்யாவிடம் இன்னொரு சக்ராவை எடுத்தது. தவணை முடிந்ததும் இரண்டையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. (மதுரைக்காரர்கள் இதை ஒத்தி என்று சொல்லிவிடக் கூடாது, ஒத்தியில் பணம் திரும்பி வரும்.) இதற்கிடையே சொந்த உலையின் மாதிரி நம் கல்பாக்கத்திலேயே ஓடியது. 2016இல் கடற்படையில் சேர்ந்த அரிஹந்த் அணுவிசையில் ஓடுவது, அணு ஆயுத ஏவுகணையும் சுமப்பது. ஆகவே அதற்கு 'அணு ஆயுத நீர்மூழ்கி' பொருந்தும். சக்ராவுக்கும் வர்ஜீனியாவுக்கும் பொருந்தாது.

'ஆக்கஸ் கூட்டணி' என்பதையும் தவிர்க்கலாம். ஒருவர் மீது தாக்குதல் நடந்தால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்று ஆக்கஸில் எழுதவில்லை. ஆஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் பாதுகாப்பில் பிணைப்பது 1951இன் ஆன்சஸ் ஒப்பந்தம். ஆக்கஸுக்கு 'உடன்பாடு' போதும்.