எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும் குயில்ட்

துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து மூன்றடுக்காகத் தைக்கும் விரிப்புதான் குயில்ட். தொலைக்காட்சியில் அதைத் தைத்துக் காட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். துணியை வெட்டுவார், இரண்டு துண்டைச் சேர்த்து இயந்திரத்தில் ஓட்டுவார், "இப்போது இப்படி வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து, துண்டுகள் சேர்ந்து முடிந்த சதுரக் கட்டம் ஒன்றை எடுத்து வைப்பார். அடுத்த ஷாட்டில் முழு விரிப்பும் அவருக்குப் பின்னால் தொங்கும். அந்த மேசைக்குப் பின்னால் விருந்தினராக நின்றிருப்பதால் சொல்கிறேன்: அங்கே தைக்கப்படுவது மிகக் கொஞ்சம். வீட்டில் தைத்து முடித்தவற்றை வரிசை தவறாமல் எடுத்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. எட்டு நிமிடப் பகுதியில் வேறு எப்படியும் செய்ய முடியாது. ஆனால் பார்ப்பவர் அந்த எட்டு நிமிடத்தை உண்மையான நேரம் என்று எடுத்துக்கொண்டு, தன் கை மட்டும்தான் மெதுவானது என்று நினைத்து, பாதியில் மூட்டை கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார். வகுப்புக்கு வரும் புதியவர்களில் இப்படி மனம் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். அதற்காகத்தான் திரைக்குப் பின்னால் நடப்பதை எழுதுகிறேன். அழைப்பு வந்து தயாராகும் தையல்காரர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

ஒரே ஒரு கட்டத்தைக் காட்ட ஐந்தாறு பிரதிகள் வேண்டும். வெட்டிய துண்டுகள், பாதி சேர்த்தது, முழுதும் சேர்த்து இஸ்திரி போட்டது, பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து மூன்றடுக்காக்கியது, ஓரப்பட்டி வைத்தது என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று. குயில்ட் நிகழ்ச்சிகளில் இவற்றை ஸ்டெப்-அவுட் என்பார்கள். எல்லாம் ஒரே துணியில், ஒரே நூலில், ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூப்போட்ட துணி அடுத்த நிலையில் திசை மாறி நிற்பதைக் கூர்மையான கண் பிடித்துவிடும். இயக்குநர் இரண்டாம் முறை எடுக்கலாம் என்றால், வெட்டிய துணி மறுபடி முழுதாகாது. வெட்டும் நிலைக்கு மட்டும் கூடுதல் பிரதிகள் கொண்டுபோக வேண்டும். சாதாரணமாகத் துணியோடு ஒன்றிப்போகும் நூலைத் தேர்ந்தெடுப்போம். படப்பிடிப்புக்கு மட்டும் துணிக்கு எதிர் நிறத்தில் நூல் வேண்டும். தையல் தெரியாவிட்டால் பாடமே இல்லை.

இனி நேரக் கணக்கு. ஒன்பது துண்டுகள் சேர்ந்த 12 அங்குலக் கட்டம், எல்லோரும் கற்கும் முதல் கட்டம். அதை அகலத்தில் ஏழு, நீளத்தில் எட்டு வைத்தால் 84க்கு 96 அங்குல விரிப்பு. கட்டங்கள் 56. துண்டுகள் 504. ஓரப்பட்டி சுற்றளவு 360 அங்குலம். அதைக் கையால் மடித்துத் தைக்கும்போது அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று வைத்தாலே ஏறக்குறைய 2,900 தையல் வரும். இது விளிம்பு மட்டும். மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடிக்கும் குயில்ட்டிங் தையலை இன்னும் எண்ணவே இல்லை. திரையில் இந்த விளிம்பு, "பிறகு ஓரம் கட்டிவிடுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது.

தொகுப்பாளர் கட்டாயம் கேட்கும் கேள்வி, "இதைச் செய்ய எவ்வளவு நாள் ஆயிற்று?" பெரும்பாலான விருந்தினர்கள் அடக்கமாகச் சிரித்து, "வேலைக்கு நடுவில் அப்படியே செய்ததுதான்" என்பார்கள். அந்த அடக்கம் தொழிலுக்குக் கேடு. அடுத்த வாரம் யாரோ ஒருவர் அதே அளவு விரிப்பைத் துணிக்காசுக்கு மட்டும் தைத்துத் தரச் சொல்லி வந்து நிற்பார். மணிக்கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். வெட்ட இவ்வளவு, சேர்க்க இவ்வளவு, குயில்ட்டிங்குக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் பத்து விநாடிதான் ஆகும். படத்தொகுப்பிலும் அதை வெட்டமாட்டார்கள், ஏனென்றால் தொகுப்பாளர் வியந்து வாய் திறக்கும் இடம் அது.

தொலைக்காட்சிக்கும் குயில்ட்டுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1970களின் இறுதியிலேயே ஜார்ஜியா போன்ஸ்டீல் குயில்ட் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டாமல் பகுதி பகுதியாக மடியில் வைத்துத் தைத்துக் கடைசியில் இணைக்கும் முறையைப் பரப்பியவர் அவர். நான்சி ஸீமன் 1982 முதல் 2017 வரை தையல் நிகழ்ச்சி நடத்தினார். சின்னத் திரைக்குள் அடங்கும் முறைகள்தான் அங்கே செழித்தன என்பது என் எண்ணம். ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் சட்டத்தைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து தைப்பதை மேலிருந்து பார்க்கும் ஒரு கேமராவால் காட்ட முடியாது. மேசை அளவுக்குள் வெட்டி, மேசை அளவுக்குள் தைப்பதைக் காட்ட முடியும்.

அந்த மேசையின் நாயகன் சுழல் வெட்டுக்கத்தி. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த ரோட்டரி கட்டர், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிய காலத்தை முடித்து வைத்தது. நாலைந்து அடுக்குத் துணி ஒரே இழுப்பில் நேராக வெட்டுப்படும். விரலும் அப்படியே. படப்பிடிப்பில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இது: ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் உறையை மூடிவிட்டுத்தான் கத்தியைக் கீழே வைப்பேன். அந்த 'கிளிக்' சத்தம் ஒலிப்பதிவாளரை எரிச்சலூட்டும், நேரமும் போகும். திறந்தபடியே வையுங்கள் என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பார்ப்பவர் நம் வாயைப் பார்த்துக் கற்பதில்லை, கையைப் பார்த்துக் கற்கிறார். அளவுகோலின் விளிம்புக்கு வெளியே விரல் நீளாமல் வைப்பது, கத்தியை உடலை நோக்கி இழுக்காமல் வெளிப்புறமாகத் தள்ளுவது, இவை நம் கையில் இருந்தால்தான் அவர் கைக்கும் போகும்.

இப்போது வெளிச்சம். குயில்ட்டின் அழகு பாதி மேடு பள்ளத்தில் இருக்கிறது. தையல் ஓடிய இடம் பள்ளமாகும், பஞ்சு இருக்கும் இடம் புடைக்கும். அந்தப் புடைப்புக்கு ஒரு பக்கம் நிழல் விழுந்தால்தான் வடிவம் கண்ணுக்குத் தெரியும். அரங்கில் முகங்களுக்காக முன்னாலிருந்து சமமாக வெளிச்சம் போடுகிறார்கள். முகச்சுருக்கம் மறையும், கூடவே நம் குயில்ட்டிங்கும் மறைந்துபோகும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் இறகு வடிவம் போட்டவருக்கு அது வெறும் படுக்கை விரிப்பாகத் திரையில் தெரிவதைப் போன்ற வேதனை வேறில்லை. பக்கவாட்டிலிருந்து, துணியை உரசிப் போகிற மாதிரி தாழ்வான கோணத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒளிப்பதிவாளர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். கேட்டால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். கேட்காவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது, துணி அவர்கள் துறை இல்லையே. ஆனால் இதே பக்க விளக்கு மடிப்புக் கோடுகளையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே விரிப்பை மடிக்காமல் அட்டைக் குழாயில் சுருட்டி எடுத்துப் போவது நல்லது.

பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் போட்ட துணிகள் கேமராவுக்கு ஆகாது. துணியின் கோட்டு வரிசையும் கேமரா உணரியின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலைகள் திரையில் நெளியும். மொய்ரே என்று இதைச் சொல்வார்கள். உடைக்கும் இது பொருந்தும். நிறமும் ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய இரண்டு நீலங்கள் அரங்க விளக்கின் கீழ் ஒன்று பச்சை பக்கமும் ஒன்று ஊதா பக்கமும் சாய்ந்து நிற்கும். சாயங்கள் வேறு வேறாக இருப்பதால் வரும் வினை இது. ஒத்திகை நேரத்தில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் விரிப்பை ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அளவுகோலின் பளபளப்பு மீதிப் பிரச்சினை. அக்ரிலிக் அளவுகோல் மேல்விளக்கை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பும். சற்றே சாய்த்து வைத்தால் எண்கள் தெரியும்.

பழைய குயில்ட் கொண்டுவரச் சொன்னால் யோசியுங்கள். அருங்காட்சியகங்கள் பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தையே வரம்பாக வைத்திருக்கின்றன. அரங்க வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு. சாயம் வெளுத்தது வெளுத்ததுதான், இருட்டில் வைத்தால் திரும்பி வராது. தன் முறை வரும்வரை வெள்ளைத் துணி போட்டு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல நிழற்படம் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள்.

ஒப்பனைக்காரர் கைகளுக்கும் பூச்சு போடுவார், அருகில் காட்டுவது கையைத்தான் என்பதால். அது உலர்ந்த பிறகே வெளிர் துணியைத் தொடுங்கள். சட்டைக் கழுத்தில் ஒலிவாங்கி இருக்கும்போது விரிப்பை மார்போடு அணைத்துத் தூக்காதீர்கள், அடுத்த வாக்கியம் யாருக்கும் கேட்காது. இயந்திரம் ஓடும்போது பேசாதீர்கள். மேசைமேல் குனியாதீர்கள், மேல்கேமராவில் தலை மட்டும்தான் தெரியும்.

காகித வேலையில் மட்டும் வெட்கப்படக் கூடாது. கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தை வீட்டிலேயே படித்துவிட முன்கூட்டி அனுப்பச் சொல்லுங்கள். நிகழ்ச்சியை எங்கெல்லாம் மறுபடி பயன்படுத்தலாம், வடிவமைப்பின் செய்முறையை அவர்கள் தனியாக வெளியிடலாமா, விரிப்பைத் திருப்பி அனுப்பும் செலவும் காப்பீடும் யாருடையவை என்று பாருங்கள். மதிப்பைத் தொகையாக எழுத்தில் கொடுங்கள். "விலைமதிப்பில்லாதது" என்று எழுதினால் காப்பீட்டுக்காரர் மகிழ்ச்சியாக ஒன்றும் தரமாட்டார். பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதிய துணிச்சீட்டைத் தைத்துவிடுங்கள். வடிவம் இன்னொருவருடையது என்றால் அவரிடம் அனுமதி வாங்கி, அவர் பெயரைத் திரையில் போடச் சொல்லுங்கள். தொங்கவிட மேல்விளிம்பின் பின்னால் நான்கு அங்குலத் துணிக்குழல் தைத்து, கழியையும் கூடவே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அரங்க அலங்காரக்காரர் இருபக்க ஒட்டுநாடாவோடு வந்து நிற்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தப் பசை துணியை விட்டுப் போகாது.

ஒளிபரப்புக்குப் பிறகு அதிகம் வரும் புகார், "நீங்கள் செய்த மாதிரியே செய்தேன், மூலைகள் சேரவில்லை" என்பது. காரணம் அநேகமாகத் திரையில் ஒரு நொடியில் கடந்துபோன கால் அங்குலத் தையல் இடைவெளி, அதாவது துணி விளிம்புக்கும் தையலுக்கும் நடுவே விடும் இடம். மேலே சொன்ன விரிப்பில் அகலவாக்கில் 21 துண்டுகள், அவற்றுக்கிடையே 20 தையல்கள். இடைவெளி ஒவ்வொரு பக்கமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகும். இருபதுக்கும் சேர்த்து விரிப்பு இரண்டரை அங்குலம் சுருங்கிவிடும். சோதித்துப் பார்க்க ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் இடைவெளி சரி. குறைந்தால் ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தி, மூன்று புதுப் பட்டைகளில் மறுபடி பாருங்கள். அடுத்த நிகழ்ச்சியில் இந்தச் சோதனைக்கு முழுதாக ஒரு நிமிடம் கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஓரப்பட்டியை விட்டுவிட்டால்.