உங்களுக்கு முன்னால் பேசியவர் எந்தத் தோட்டம்?

செயலமர்வு என்றாலே முதல் அரை மணி நேரம் எப்படிப் போகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வட்டமாக உட்காரவைத்து, "ஒவ்வொருத்தரா பேரும் தோட்டமும் சொல்லுங்க" என்பார் வளவாளர். நானும் பல வருடம் அப்படித்தான் தொடங்கினேன். மலையகத்து ஹட்டனில், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி வேலைக்குப் புதிதாக வந்த 24 பெண்களுக்கு நடந்த பயிற்சியில், ஓர் அக்கா தன் முறை நெருங்க நெருங்கச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தார், உதடு சத்தமில்லாமல் அசைந்தது. பேசி முடித்து உட்கார்ந்ததும் கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு முன்னால பேசினவங்க எந்தத் தோட்டம்?"

"தெரியலையே மிஸ். நான் என்னோடதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

முன்னால் பேசியவர் அவருடைய பக்கத்து டிவிசன்காரர், அதாவது அடுத்த தோட்டப் பிரிவு.

இதை மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். வட்டமாக உட்கார்ந்தவர்கள் முறை வைத்துச் சொற்களை வாசித்தார்கள். பிறகு நினைவுபடுத்தச் சொன்னபோது, தான் வாசித்த சொல் நன்றாக நினைவிருந்தது, தன் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்தவைதான் காணாமல் போயிருந்தன. கேட்டு மறந்துபோனதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தச் சொற்கள் மூளைக்குள் சரியாகப் பதியவே இல்லை. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்து வேலை செய்யக்கூடிய விஷயங்கள் ஏறத்தாழ நாலுதான். என்ன சொல்லப்போகிறோம், குரல் நடுங்குமோ, யார் பார்க்கிறார்கள் என்று அந்த இடம் நிறைந்துவிட்டால் பக்கத்திலிருப்பவர் பேச்சுக்கு இடம் எங்கே? ஆளுக்கு ஆள் அறிமுகமாவதற்காக நாம் வைக்கும் சுற்று, அந்த அறிமுகத்தையே கெடுத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நாலு பேர் பார்க்கும்போது பழகிய வேலை வேகமாகும், பழகாத வேலை தடுமாறும் என்று ராபர்ட் சயோன்ஸ் 1965இல் விளக்கினார். கொழுந்தெடுக்கும் மலையில் பக்கத்து நிரையில் ஆள் இருந்தால் கை தானாக வேகமெடுக்கும், அதே ஆட்களுக்கு முன்னால் எழுந்து பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் காரணம் ஒரே படபடப்புத்தான்.

அடுத்த மாதம் அதே குழு வந்தபோது வட்டத்தை விட்டுவிட்டேன். இரண்டிரண்டு பேராக உட்காரச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: முதன்முதலில் உங்களுக்குக் கொழுந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தது யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? மூன்று நிமிடம் கழித்து இரண்டு சோடிகளைச் சேர்த்து நாலு பேராக்கினேன், அவ்வளவுதான், யாரும் எழுந்து நிற்கவில்லை. சேலைத் தலைப்பு அக்கா, தன் அம்மாயி பின்னால் நின்று இவருடைய கையைப் பிடித்தே இரண்டு இலையும் மொட்டும் கிள்ளவைத்ததை அபிநயத்தோடு சொன்னார். அன்றைய பாடமே புதியவர்களின் பிழையைத் திட்டாமல் திருத்துவதுதான். பத்து மணிக்கு நான் அதைத் தொடங்கியபோது இன்னொருவர், "அந்த அக்காவோட அம்மாயி செஞ்ச மாதிரி" என்றார். கேள்வி பாடத்தோடு ஒட்டியிருந்தால் பழைய அனுபவம் முதலிலேயே விழித்துக்கொள்ளும், புதியது போய் அதில் தொங்கிக்கொள்ளும். உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன, நீங்கள் ஒரு மிருகமானால் எந்த மிருகம் என்ற கேள்விகளில் இது நடக்காது.

சரி, அடுத்தது மத்தியானத் தூக்கம், அதைக் கலைக்க நாம் வைக்கும் விளையாட்டு. சோறு மட்டும் காரணமில்லை, சாப்பிடாவிட்டாலும் பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணிக்குள் நம் உடல் கடிகாரத்தில் ஒரு சரிவு உண்டு. மலையகத்தில் இதோடு இன்னொன்று சேர்கிறது. குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவோம். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 400 சொச்சம் இருக்கும் கரியமில வாயு, ஆள் நிறைந்த மூடிய அறையில் 1000ஐச் சுலபமாகத் தாண்டும். ஆகவே விளையாட்டு எதுவும் தொடங்குமுன் ஜன்னலைத் திறங்கள்.

அப்புறம் எழுந்து நிற்கவையுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்தால் இரத்தம் கால்களில் தேங்கும், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். குதிக்கவைக்க வேண்டாம், சரிவில் ஏறி இறங்கிய முழங்கால்கள் அவை. தாளம் போதும். ஒன்றாக ஒரே அடியில் நடந்த மாணவர்கள் அதன்பின் ஒருவரோடொருவர் அதிகம் ஒத்துழைத்தார்கள் என்று ஸ்டான்ஃபோர்டில் வில்டர்மத்தும் ஹீத்தும் 2009இல் காட்டினார்கள். காமன் கூத்தில் தப்பு அடிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நான் மேசையில் நாலு தட்டுத் தட்டினாலே போதும், அறை முழுக்கக் கால் சேர்ந்துவிடும்.

தோற்றவர் பாடவேண்டும், ஆடவேண்டும் என்ற தண்டனை மட்டும் எனக்கு ஆகாது. காலையில் இறங்கிய அதே படபடப்பை மறுபடி ஏற்றிவிடும். தோட்டத்தை நடத்தும் துரையோ அவருக்குக் கீழுள்ள கணக்கப்பிள்ளையோ அறையில் இருந்தால் இன்னும் கவனம் தேவை: அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர்கள் விளையாட முடியாது. அவரும் சேரட்டும், தான் வேலை பழகிய காலத்தில் செய்த ஒரு பிழையை முதலில் அவரே சொல்லட்டும். இல்லையென்றால் அந்த ஐந்து நிமிடம் அவர் வெளியே தேத்தண்ணி குடிக்கட்டும்.

இந்த உற்சாகம் அதிக நேரம் நிற்காது. அதனால் தாளம் நின்றதும் அறிவித்தல் வாசிக்கவோ கையெழுத்துத் தாள் சுற்றிவிடவோ நான் போவதில்லை. அன்றைக்கு இருப்பதிலேயே கடினமான கொழுந்து நிறுவைக் கணக்கை அப்போதுதான் எடுப்பேன், ஜன்னல் திறந்தபடியே.