இருபது முகப் பகடை ஏன் எல்லாக் கதைக்கும் பொருந்துவதில்லை

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒருவர் கதையை நடத்தும் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். வழியில் ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது என்கிறார் கேம் மாஸ்டர். "கம்பியை விட்டு நெம்பிப் பார்க்கிறேன்" என்கிறார் திருடனாக ஆடுபவர். கதவு திறந்ததா, இல்லையா? ரோல்பிளேயிங் கேம் எனப்படும் இந்த விளையாட்டில் மற்ற எல்லாவற்றையும் பேசிப் பேசியே நடத்திவிடலாம். இந்த ஒரு கேள்விக்குத்தான் விதி வேண்டும். முடிவு மேசையில் இருக்கும் யாருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படக் கூடாது என்பதால் பகடையை எடுக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ராணுவத்திலிருந்து வந்தது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ராய்ஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் இருந்தார். மோதலில் யாருக்கு எவ்வளவு சேதம் என்பதைப் பகடை தீர்மானித்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வெளிவந்தபோது, படைப்பிரிவு இருந்த இடத்தில் தனி ஆள் ஒருவன் வந்து நின்றான். நடுவர் கதைசொல்லியானார். அதன்பின் விண்வெளி, திகில், துப்பறிதல் என்று வகைவகையாக இந்த விளையாட்டுகள் பெருகிவிட்டன. அட்டைப்படத்தையும் ஊர்ப் பெயர்களையும் மாற்றினால் புது விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பகடை உருளும் முறை மாறாத வரை பழைய விளையாட்டுக்குப் புதுச்சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய முறை எளிமையானது. இருபது முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணுடன் கதாபாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். கேம் மாஸ்டர் வைத்திருக்கும் இலக்கை எட்டினால் வெற்றி. 1 முதல் 20 வரை எந்த எண் விழவும் சம வாய்ப்பு, அதாவது 5 சதவீதம். திறன் ஒன்று கூடினால் வெற்றி வாய்ப்பும் அதே 5 சதவீதம் கூடும். மனக்கணக்காகவே போட்டுவிடலாம், இந்த முறை இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்று பார்ப்போம். ஒரு மல்லனும் ஒரு கணக்கப்பிள்ளையும் மேசையில் முழங்கை ஊன்றிக் கைப்பலம் பார்க்கிறார்கள். மல்லனின் வலிமை எண் +4, கணக்கப்பிள்ளைக்கு −1. இருவரும் ஆளுக்கொரு முறை உருட்டுகிறார்கள். மொத்தம் 400 சேர்க்கைகள். அவற்றில் 105இல் கணக்கப்பிள்ளை ஜெயிக்கிறார்! நான்கு முறை மோதினால் ஒரு முறை மல்லன் தோற்பான். வித்தியாசம் ஐந்துதான், பகடையின் வீச்சோ இருபது. இந்த முறையில் திறமையைவிட அதிர்ஷ்டத்தின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். ஒரு சாமானியன் டிராகனை வீழ்த்தும் சாகசக் கதைக்கு இது பொருத்தம். இருபது விழுந்ததும் மேசையே எழுந்து கூத்தாடுவது இதனால்தான்.

இதே இருவரிடம் மூன்று சாதாரண ஆறுமுகப் பகடைகளைக் கொடுத்துக் கூட்டுத்தொகையைப் பார்க்கச் சொன்னால் கதை மாறிவிடும். மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். மொத்தம் 18 வர ஒரே ஒரு வழிதான். 10 வர 27 வழிகள், 11 வரவும் 27 வழிகள். விழும் எண்கள் நடுவில் குவிந்து ஓரங்களில் அருகிப்போகின்றன. வரைந்து பார்த்தால் மணி வடிவம். கணக்கப்பிள்ளையின் வெற்றி வாய்ப்பு 26 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. திறன் எண்களை யாரும் தொடவில்லை. பகடை மட்டுமே மாறியிருக்கிறது.

1986இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட 'கர்ப்ஸ்' இந்த மூன்று பகடை முறையில் இயங்குவது. அங்கே திறன் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் வெற்றி. திறன் 10 என்றால் 50 சதவீதம். அதை 11 ஆக்கினால் 62.5. ஒரே படியில் பன்னிரண்டரை புள்ளி ஏற்றம். ஆனால் 15இலிருந்து 16க்கு ஏறினால் 95.4 என்பது 98.1 ஆகிறது, அவ்வளவே. நடுத்தரமானவருக்குச் சிறு பயிற்சியும் பெரும் பலன். கைதேர்ந்தவருக்கு இன்னும் ஒரு படி கிட்டத்தட்ட வீண். வீணை பழகியவர்களுக்கும் கார் ஓட்டப் பழகியவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். அந்த நிபுணர் சாதாரணச் சூழலில் சறுக்க மாட்டார் என்று நம்பலாம். இருட்டில், கை நடுங்க, எதிரி நெருங்கும்போது திறனிலிருந்து ஐந்தாறு எண்ணைக் கழித்தால்தான் அவருக்கும் வியர்க்கும். யதார்த்தமான கதைகளுக்கு இந்த முறை ஒத்துப்போகிறது. கூடவே கொஞ்சம் சலிப்பும் உண்டு என்பதை மறைப்பானேன்.

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு தடவை உருட்டும் கணக்கு. ஒரு உருட்டின் விளைவு அடுத்த உருட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 'கால் ஆஃப் கதூலு' நல்ல எடுத்துக்காட்டு. எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டின் திகில் உலகை வைத்து சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து, கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட விளையாட்டு இது. திறன்கள் எல்லாம் சதவீதத்தில். நூலகத்தில் தேடும் திறன் 60 என்றால், நூறு வரை எண் தரும் பகடைகளில் 60க்குள் விழ வேண்டும்.

அதில் மனத்தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. கோரமான எதையாவது கண்டால் அந்த எண்ணுக்குள் உருட்ட வேண்டும். தவறினால் எண் குறையும். குறைந்த எண்ணுக்குள் உருட்டுவது அடுத்த முறை இன்னும் கடினம். தவறும் வாய்ப்பு கூட, எண் மேலும் இறங்கும். பொறியியலில் நேர்மறைப் பின்னூட்டம் என்பார்கள். ஒலிபெருக்கியின் முன் மைக்கைப் பிடித்தால் கிளம்பும் ஊளைக்கும் அதுவே காரணம். இது போதாதென்று, அமானுஷ்ய ரகசியங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு மனத்தெளிவின் உச்சவரம்பும் 99இலிருந்து இறங்கிக்கொண்டே வரும். துப்பறிய வந்தவர் துப்பறியத் துப்பறியப் பைத்தியத்தை நெருங்குகிறார். எழுத்தாளர் பத்துப் பக்கம் வர்ணித்துக் கொண்டுவரும் அச்சத்தை இரண்டு விதிகள் கொண்டுவந்துவிடுகின்றன.

அதே புத்தகத்தில் இதற்கு நேரெதிரான இன்னொரு விதியும் இருக்கிறது. வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறனைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு ஓய்வாக அந்தத் திறனுக்கு மேல் உருட்டினால்தான் அது வளரும். திறன் 30 உள்ளவர் கற்றுக்கொள்ள 70 சதவீத வாய்ப்பு. 80 உள்ளவருக்கு 20 தான். வேகம் தானாகவே தணியும் எதிர்மறைப் பின்னூட்டம் இது. அறிவு மெல்ல ஏறுகிறது, புத்தி சரசரவென்று சரிகிறது.

கணக்கில் கோட்டை விட்ட விளையாட்டுகளும் உண்டு. 1989இல் வந்த 'ஷேடோரன்' விளையாட்டின் தொடக்கப் பதிப்புகளில் ஆறு விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். இலக்கு 6 என்றால் ஆறு விழ வேண்டும். இலக்கு 7 என்றால்? ஆறு விழுந்து, மறு உருட்டில் குறைந்தது ஒன்று விழ வேண்டும். ஒன்றுக்குக் குறைவாகத்தான் பகடையில் எதுவும் இல்லையே! ஆக 6க்கும் 7க்கும் ஒரே வாய்ப்பு. 1991இன் 'வாம்பயர்: த மாஸ்கரேட்' செய்த கூத்து இதைவிடப் பெரியது. திறன் எத்தனையோ அத்தனை பத்துமுகப் பகடைகள். இலக்கை எட்டும் ஒவ்வொன்றும் ஒரு வெற்றி. ஒன்று என்று விழும் ஒவ்வொரு பகடையும் ஒரு வெற்றியை அழிக்கும். வெற்றிகளைவிட ஒன்றுகள் மிஞ்சினால் படுதோல்வி. இலக்கு 9 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பகடைக்காரருக்குப் படுதோல்வி வாய்ப்பு 10 சதவீதம். இரண்டு பகடைக்கு 15. மூன்றுக்கு 17.5. வெற்றி வாய்ப்பும் கூடவே ஏறுகிறது என்றாலும், கற்றுக்குட்டியைவிட அனுபவசாலி அதிகமாக மானம் கெடுகிறார். பிற்காலப் பதிப்பில் விதியைத் திருத்தினார்கள்.

வெற்றி, தோல்வி என்ற இரட்டைக் கதவையே கழற்றி எறிந்தது, வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்'. உலகம் பாழான பிறகு பிழைத்துக் கிடப்பவர்களின் கதை. இரண்டு ஆறுமுகப் பகடைகள், கூட ஒரு திறன் எண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 6க்குள் நின்றால் கேம் மாஸ்டர் கை ஓங்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது இழக்க வேண்டியிருக்கும். பூட்டு திறந்தது, கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது என்பதுபோல. திறன் 0 என்றால் இந்த நடுப்பகுதிக்கு 36இல் 15 வாய்ப்பு. திறன் +1க்கு 16, +2க்கு மறுபடி 15, +3க்கு 12. ஆள் எவ்வளவு தேறினாலும் மூன்றில் ஒரு முறையாவது இந்த அரைகுறை வெற்றியில்தான் வந்து நிற்கிறார். தீர்ந்துபோன ஒவ்வொரு சிக்கலும் அடுத்ததைப் பெற்றுப் போடுவதால் கதை தேங்குவதே இல்லை. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நான் படித்த விதிகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றைக் காணவில்லை.

பகடையே வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள். 'ட்ரெட்' என்ற திகில் விளையாட்டில், ஆபத்தான எதைச் செய்தாலும் மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும். முதல் கட்டைக்கும் இருபதாவது கட்டைக்கும் ஆபத்து ஒன்றல்ல. போகப் போக அது ஏறுவதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். பகடைக்கு முந்தைய உருட்டு நினைவிருக்காது.

எந்த முறையானாலும் அதைக் கெடுக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் காவலாளியைத் தாண்டிப் பதுங்கிப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 80 சதவீத வாய்ப்பு. "எல்லோரும் உருட்டுங்கள், ஒருவர் மாட்டினாலும் மாட்டியதுதான்" என்கிறார் கேம் மாஸ்டர். 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.33. கைதேர்ந்த ஐவர் மூன்றில் இரண்டு முறை பிடிபடுகிறார்கள். மறுபக்கம், ஒளித்து வைத்த பெட்டி கண்ணில் படுகிறதா என்று ஐவரையும் உருட்டச் சொன்னால், ஆளுக்கு 30 சதவீதமே இருந்தாலும் யாராவது ஒருவர் காண 83 சதவீத வாய்ப்பு. ஒளித்து வைத்ததற்கே அர்த்தமில்லை. ஒளிவது கடினம், கண்டுபிடிப்பது சுலபம் என்றொரு உலகத்தை, யாரும் திட்டமிடாமலே, கேம் மாஸ்டரின் பழக்கம் உண்டாக்கிவிடுகிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் இதற்கு மருந்து இருக்கிறது: குழுவாகச் செய்யும் காரியத்தில் பாதிப் பேராவது வென்றால் எல்லோரும் வென்றதாகக் கொள்ளலாம். அதே ஐவர், அதே 80 சதவீதம். குழுவின் வெற்றி வாய்ப்பு 33இலிருந்து 94க்குத் தாவுகிறது. புத்தகத்தில் இந்த விதிக்கு ஒரு சின்னப் பகுதிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். மந்திரங்களின் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஆட்டக்காரர்கள்கூட அதைத் தாண்டிப் புரட்டிப் போய்விடுகிறார்கள்.