தேறினவர்

எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பலரும் ஒரு கணக்கோடுதான் தொடங்குவார்கள்: ‘இரட்சிக்கப்பட்டு 25 வருடம்.’ அந்தக் கணக்கைக் கேட்டதுமே ‘ஆவிக்குரிய முதிர்ச்சி உள்ளவர்’ என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. குற்றம் பாதி அந்தச் சொல்லினுடையது. முதுமை, முதியோர், முதிர்ச்சி எல்லாம் ஒரே வேர். காலம் போனால் தானே வந்துவிடும் என்ற நினைப்பை அது ஊட்டிவிடுகிறது.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ‘தெலெயோஸ்’. முடிவு, இலக்கு என்று பொருள்படும் ‘தெலோஸ்’ அதன் அடி. எதற்காக உண்டானதோ அந்த நிலையை எட்டியது என்று விரித்துச் சொல்லலாம்.

1871ஆம் ஆண்டின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த ஒரு சொல்லை இடத்துக்கு ஒரு விதமாகத் தருகிறது. மத்தேயு 5:48இல் ‘பூரண சற்குணர்’, எபிரெயர் 5:14இல் ‘பூரணவயதுள்ளவர்கள்’, 1 கொரிந்தியர் 2:6இல் ‘தேறினவர்கள்’. 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பு ‘நிறைவுள்ளவர்’, ‘முதிர்ச்சி’ என்று மாற்றிக்கொண்டது. பூரணம் வடசொல், எங்கள் வீட்டில் அது கொழுக்கட்டைக்குள் வைப்பது. நிறைவு நல்ல தமிழ்தான், ஆனால் இனி வளர இடமில்லாத ஒன்றைச் சொல்வதுபோல ஒலிக்கிறது.

எனக்குப் பிடித்தது தேறினவர். தேறு என்றால் தெளி. ஆடியில் பவானி ஆற்றில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும்போது, என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார். சிறிது நேரத்தில் வண்டல் அடியில் படிந்துவிடும். தேறு என்பதன் பிறவினை தேற்று. கொட்டைக்குப் பெயர் வந்த வழி அது. நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகியவர்கள் என்று எபிரெயர் நிருபம் விவரிக்கும் ஆட்களுக்கு ‘பூரணவயதுள்ளவர்’ என்பதைவிட இந்தச் சொல்லே பொருத்தம்.

தூய ஆவியானவருக்கு யோவான் 14:16 தரும் பெயர் ‘தேற்றரவாளன்’. அதே தேற்றுதான். கிரேக்கத்தில் இவை இரண்டும் தொடர்பில்லாத சொற்கள். தேற்றுகிறவரையும் தேறுகிறவரையும் ஒரே வேரில் கட்டியது தமிழ். மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களோ இல்லையோ, எனக்கு அது பெரிய லாபம்.

இன்னொன்று. காய்ச்சலில் கிடந்தவரைப் பார்த்து வந்தால் ‘தேறி வருகிறார்’ என்கிறோம். மெலிந்த கன்றைத் தடவிப் பார்த்து ‘இது தேறுமா?’ என்கிறோம். மஞ்சள் காட்டில் தழை எவ்வளவு செழிப்பாக நின்றாலும், கிழங்கை வெட்டி, வேகவைத்து, காயவைத்த பிறகுதான் எத்தனை மூட்டை தேறும் என்பது தெரியும். இந்தப் பேச்சிலெல்லாம் தேறுதல் நடந்துகொண்டே இருக்கிற காரியம். பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் ‘முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்’ தொடர்கிறேன் என்கிறார். மூன்றே வசனம் தள்ளி ‘நம்மில் தேறினவர்கள்’ என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் வேர் ஒன்றே. பூரணம் என்று போட்டிருந்தால் இது வெறும் முரணாக நின்றிருக்கும். ‘தேறிவிட்டார், இன்னும் முழுக்கத் தேறவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய காதுக்கு முரண் தெரிவதில்லை.

பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் சிக்கல். ‘தேறுதல்’ இன்று ஆறுதலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. துக்க வீட்டில் சொல்வது. ஆகவே நிலையைச் சொல்ல முதிர்ச்சி இருக்கட்டும், ஆளைச் சொல்லத் தேறினவர் என்று எழுதுங்கள்.

வல்லின றகரம் முக்கியம். தேர் என்பது ஆராய்தல், தேறு என்பது தெளிதல், நம்புதல். ‘தேறற்க யாரையும் தேராது’ என்று 509ஆம் குறள் இரண்டையும் பக்கத்தில் வைத்தே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. சென்ற ஆண்டு ஓர் உபவாசக் கூட்டத்துச் சுவரொட்டியில் ‘தேரினவர்களுக்கான சிறப்புச் செய்தி’ என்று பார்த்தேன். வடம் பிடிக்கத்தான் அழைக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.