கையைப் பிடித்து ஆட்டிவிடாதீர்கள்

ஆண்டு விழா மேடைகளில் அடிக்கடி பார்க்கிறேன். சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை, கையில் கிலுகிலுப்பை. பின்னால் நிற்கும் ஆசிரியர் அந்தக் கையைப் பிடித்துத் தாளத்துக்கு ஆட்டுகிறார். கூட்டம் நெகிழ்ந்து கைதட்டுகிறது. ஆனால் வாசித்தது ஆசிரியர். குழந்தையின் கை இரவல் போனது, அவ்வளவுதான்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாடக் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ள உதவும் சிகிச்சையாளர். பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் அசைவு சிரமப்படும் செரிப்ரல் பால்சி), ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளோடும், பக்கவாதம் வந்த பெரியவர்களோடும் வேலை செய்கிறேன். எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் நடக்கும் பாட்டுக்கூட்டத்துக்கு இவர்களும் வருவார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பாட்டிமாரும் வருவார்கள். கருவியைக் கைக்கு ஏற்றபடி செய்து கொடுத்தால் தானாக வாசிக்கும் கைகள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதை அங்கேதான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமி. கட்டைவிரல் உள்ளே மடங்கி, விரல்கள் அதன்மேல் இறுகியிருக்கும். கடையில் வாங்கிய கிலுகிலுப்பையின் மெல்லிய பிடி நழுவிக்கொண்டே இருந்தது. காலியான பிளாஸ்டிக் டானிக் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் கேழ்வரகு போட்டு, மூடியை எம்-சீல் வைத்து அடைத்து, பழைய சாக்ஸுக்குள் நுழைத்து, அகலமான எலாஸ்டிக்கால் அவள் புறங்கையில் கட்டினோம். பிடிக்கிற வேலையே இல்லை. இடுப்பு நாற்காலியில் நன்றாகப் பின்னால் ஒட்டி, பாதம் இரண்டும் பலகையில் பதிந்திருக்க உட்கார வைத்தோம். உடம்பு நிலையாக இருந்தால்தான் கைக்கு விடுதலை. முழங்கையை நீட்டும்போதெல்லாம் சத்தம் வந்தது.

ஆனால் தாளத்துக்குப் பிந்தி வந்தது. தசை இறுக்கம் உள்ள கை கிளம்பவே நேரம் எடுக்கும், அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். அதனால் பாட்டையே மாற்றினோம். கும்மிப் பாட்டின் ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் அடிக்க வேண்டும், அடித்தால்தான் அடுத்த வரி தொடங்கும். முதலில் பாட்டிமார் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டார்கள். அப்புறம் ஒரு பாட்டியே மற்றவர்களை அடக்கினார்: "இருங்கடி, பாப்பா இன்னும் அடிக்கல." நான் வேண்டுவது இதுதான். அந்தக் குழந்தை இல்லாவிட்டால் பாட்டு நகரக்கூடாது. ஓரமாக உட்கார வைத்து ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்புவதை என்னால் சேர்த்துக்கொள்வது என்று சொல்ல முடியவில்லை.

தாளம் மட்டும் போதாது, சுரமும் கிடைக்க வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் குழந்தைகளுக்காக வடிவமைத்த, கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன்களில் வேண்டாத கட்டைகளைக் கழற்றிவிடலாம். ஐந்து சுரம் மட்டும் மிஞ்சினால் எதைத் தட்டினாலும் ஒன்றோடொன்று இடிக்காது. நமக்கு ஐந்து சுர ராகமான மோகனம் இருக்கிறதே. இருபுறமும் திறந்த, ஒன்றரை அங்குல பிவிசி குழாயை ஏறக்குறைய 64, 57, 51, 42, 37.5, 31 சென்டிமீட்டர் நீளங்களில் அறுத்தால் ஒரு கட்டை (C) சுருதியில் ச ரி க ப த, மேல் ச வந்துவிடும். சற்றுக் கூடுதலாகவே அறுத்து, போனில் சுருதி காட்டும் டியூனர் செயலியைப் பார்த்து அரத்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். குழாயைத் தொடையிலோ உள்ளங்கையிலோ தட்டினால் போதும். பிடிக்க முடியாதவருக்கு வெல்க்ரோ பட்டையால் முன்கையில் கட்டிவிடலாம். ஆளுக்கு ஒரு சுரம்தான் என்பதால் பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவரும் மற்றவர்களுக்குச் சமமாக வாசிப்பார்.

காது கேளாத பிள்ளைகளுக்கு இசை எதற்கு என்று பெற்றோரே கேட்பதுண்டு. ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளெனி 12 வயதுக்குள் பெருமளவு கேட்கும் திறனை இழந்தவர். அதிர்வைப் பாதங்களில் உணர்வதற்காக வெறுங்காலோடு வாசிப்பவர். நாங்கள் பெயின்ட் பக்கெட்டுகளைக் கவிழ்த்துப் பலகை மேல் வைக்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டு அதே பலகையில் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஊதிய பலூனை மடியில் அணைத்துக்கொண்டாலும் அதிர்வு நன்றாகத் தெரியும்.

பேச்சு வராத குழந்தைக்கு, அழுத்தினால் பதிவு செய்த குரல் ஒலிக்கும் பொத்தான் ஒன்று போதும். "தன்னானே தானே" என்ற எடுப்பை அதில் பதிந்து வைத்தால் பாட்டைத் தொடங்கி வைப்பது அந்தக் குழந்தைதான். குரல் அதே வயதுப் பிள்ளையுடையதாக இருக்கட்டும், பெரியவர் குரல் வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்குச் சத்தம் வலி தரும். அவர்கள் கதவோரம் உட்காரலாம், காதுறை போட்டுக்கொள்ளலாம், எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம்.

இதெல்லாம் யாரும் காட்டும் தயவு இல்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29 ஆவது பிரிவு பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குள்ள உரிமையைப் பேசுகிறது. விழாக் குழுவிடம் கேட்கத் தயங்கும் பெற்றோர் இதைச் சொல்லியே கேட்கலாம்.

கருவி செய்யும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிலுகிலுப்பைக்குள் குன்றிமணியோ ஆமணக்கு விதையோ போடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. கேழ்வரகு, பச்சைப்பயறு போதும். தகர டப்பாவின் விளிம்பில் துணிப்பட்டை ஒட்டுங்கள். வாயில் வைக்கும் பிள்ளைகளின் கருவியைத் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கழுவுங்கள்.

பொங்கல் விழாவுக்குக் குழு சேர்ப்பவர்கள் கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பாட்டே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எந்த அசைவு தானாக, வலியில்லாமல், திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். முழங்காலோ, தலையின் சிறு சாய்வோ, குதிகாலோ எதுவானாலும் சரி. அதைக் குறித்துக்கொண்டு, அப்புறம் டப்பாவும் குழாயும் தேடப் போகலாம்.