தண்ணீர் குடிக்காத டைல்ஸ்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் கண்ணாடி டைல்ஸ் ஒட்ட வந்த மேஸ்திரி முதலில் கேட்டது ஒரு பக்கெட் தண்ணீர். டைல்ஸை எல்லாம் அதில் ஊறப்போட்டார். அப்புறம் வழக்கம்போல சிமெண்ட் பால் தடவி ஒட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அடுப்புக்குப் பின்னால் இருந்த வரிசை கழன்று மேடைமேல் விழுந்தது. உடையாத ஒன்றை எடுத்துத் திருப்பினால், முதுகு கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருக்கிறது. சிமெண்ட் மொத்தமும் சுவரிலேயே தங்கிவிட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது பீங்கான் டைல்ஸில் பழகிய கை. சாதாரண சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல்கூடத் தண்ணீர் உறிஞ்சும். உலர்ந்தபடியே வைத்தால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும், சிமெண்டுக்குப் பற்றாமல் போகும். ஏனென்றால் சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அப்போது உருவாகும் நுண்ணிய ஊசிகளும் இழைகளும் டைலின் முதுகிலுள்ள துளைகளுக்குள் புகுந்து, வேர் விட்ட மாதிரி பிடித்துக்கொள்கின்றன. கண்ணாடியில் அந்தத் துளையே கிடையாது. நாள் முழுக்க ஊறப்போட்டாலும் அது ஒரு சொட்டுக் குடிக்காது.

சரி, வேர் விட முடியாத இடத்தில் எப்படி ஒட்டுவது? கடையில் மூட்டையாக விற்கும், பாலிமர் (பிளாஸ்டிக் வகைப் பொருள்) கலந்த டைல் பசையிலும் பெரும்பங்கு சிமெண்டும் மணலும்தான். கூடவே பொடியாக்கிய பாலிமர் கொஞ்சம் இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தப் பொடி பால்போலக் கரையும். சிமெண்ட் தண்ணீரை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, பாலிமர்த் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ரப்பர் மாதிரி மெல்லிய படலமாகிவிடும். வழவழப்பான கண்ணாடியைப் பிடிப்பது அந்தப் படலம்தான்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 30 செ.மீ. நீளக் கண்ணாடி 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.13 மி.மீ. நீளும். ஒரு தாளின் தடிமன்தான். ஆனால் பின்னாலுள்ள சுவர் அந்த வேகத்தில் சூடாவதில்லை, அதனால் கூடவே நீளாது. அந்த இழுபறிக்கு வெறும் சிமெண்ட் வளைந்து கொடுக்காது, விட்டுவிடும். பாலிமர் படலம் கொஞ்சம் இழுபடும். எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பின்னால் இருந்த வரிசை மட்டும் முதலில் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

பசை வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தை வைத்தால் ஒளி ஊடுருவும் கண்ணாடி வழியே அழுக்குப் போலத் தெரியும். பல் கரணையால் (விளிம்பில் பல் வெட்டிய கரணை) பசையில் இழுத்த கோடுகளும் தெரியும், ஆகவே கரணையின் தட்டைப் பக்கத்தால் அவற்றைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு ஒட்டுவார்கள். கண்ணாடி ஈரத்தை வெளியே விடாது என்பதால் பசையிலுள்ள பாலிமர் படலமாக நேரமாகும். மூட்டையில் போட்டிருக்கும் நேரம் முடியும்முன் இடுக்குகளை அடைக்கக் கூடாது.

சுவிட்ச் பெட்டி வரும் இடத்தில் டைலை 'ட' வடிவில் வெட்டுவதுதான் பெரிய தலைவலி. உள்மூலை கூராக இருந்தால், அன்றைக்கில்லாவிட்டாலும் ஒரு வாரம் கழித்தாவது அங்கிருந்து விரிசல் ஓடும். கண்ணாடி உடைவதே கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் நுனியில் விசை குவிவதால்தான் என்று ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் 1921இல் விளக்கினார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் மூலையில் வைர முனைத் துரப்பணத்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சின்ன வட்ட ஓட்டை போடுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் அந்த ஓட்டை வரைக்கும் மட்டும் வெட்டுவார்கள். மூலை வளைந்துவிட்டால் விசை ஒரே புள்ளியில் குவியாது.

கிரானைட் மேடையும் டைல்ஸும் சேரும் இடுக்கில் மட்டும் சிமெண்ட் வேண்டாம், ரப்பர் போல வளையும் சிலிகோன் பசை போடுங்கள்; அவை இரண்டும் தனித்தனியாக அசைபவை. மற்ற இடுக்குகளுக்கு எபாக்சி என்ற பிசின் கலவை. விலை கூடத்தான், ஆனால் சிமெண்ட் இடுக்கில் ஒருமுறை மஞ்சள் இறங்கினால் எத்தனை தேய்த்தாலும் போகாது. இரண்டாம் முறை வந்தவர் பக்கெட் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. பசை கலக்கத்தான் கேட்டிருக்கிறார்.