டர்போ தானாகச் சாவதில்லை

மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில். வத்தலக்குண்டு தாண்டி மலையேறி முடிக்கும்போது, வண்டியைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மேலே குளிர் என்பதால் காற்று சற்றே அடர்ந்து, இழப்பில் கொஞ்சம் ஈடாகிறது. ஆனாலும் பெருமாள்மலைப் பக்கத்து வளைவுகளில் பழைய இன்ஜின்கள் இரண்டாவது கியரில் முனகுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமல்ல. இழுக்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் ஆக்சிஜன் குறைவு.

இன்ஜினுக்கு எரிபொருளைக் கூட்டிக் கொடுப்பது எளிது. காற்றைக் கூட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். சித்திரை வெயிலில் கொதிக்கும் 40 டிகிரி மதுரைக் காற்றில் அது 13,000 லிட்டர் ஆகிறது. சிலிண்டரின் கொள்ளளவோ மாறாதது. அதற்குள் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டுமானால் முதலில் அதை அமுக்க வேண்டும். அமுக்குவதற்கு ஆற்றல் வேண்டும்.

அந்த ஆற்றல் சைலன்சர் வழியாக வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகவே வெளியேறுகிறது. அந்தப் புகையை ஒரு விசிறிச் சக்கரத்தின் மீது பாய்ச்சி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதைக் கொண்டு காற்றை அமுக்கலாம் என்ற யோசனைக்கு அவர் 1905ஆம் ஆண்டு காப்புரிமை கோரினார். முதலில் கப்பல்களுக்கும் பெரிய டீசல் இன்ஜின்களுக்கும் போன இந்தக் கருவி, அதாவது டர்போ, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களில் ஏறியது. இன்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் டீசல் கார்களில் டர்போ இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஏறக்குறைய இருபது ஆண்டு பழைய டீசல் ஸ்டேஷன் வேகன். டாடா எஸ்டேட், இண்டிகோ மெரினா, ஆக்டேவியா காம்பி என்று இந்த வகை வண்டிகள் இந்தியாவுக்கு வந்தன. யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. கூரை பின்வரை நீண்டிருந்தால் ஆம்புலன்ஸ் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுபவர்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. ஆனால் நான்கு பேரோடு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்ட வேண்டும் என்றால், குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும் டர்போ டீசலும் நீண்ட கூரையும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடி.

டர்போ வண்டிக்கு மலையே தெரியாது என்று சொல்வார்கள். அது சற்று மிகை. பழைய வண்டிகளில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு கதவு. வெளிக்காற்றை விட 0.8 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்) கூடியதும் அது திறந்து, மிச்சப் புகையை விசிறிச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே அனுப்பிவிடும். கீழே மொத்த அழுத்தம் 1 கூட்டல் 0.8, அதாவது 1.8 பார். கொடைக்கானலில் வெளிக்காற்றே 0.79 அளவில்தான் என்பதால் மொத்தம் 1.6 பாருக்குச் சற்றுக் குறைவு. இழப்பு 12 விழுக்காடு. டர்போ இல்லாதவனுக்கு 21. தெரியத்தான் செய்யும், ஆனால் முனக வைக்காது.

இனி வெப்பம். பங்குனியிலிருந்து ஆவணி வரை நம் ஊரில் டர்போ வண்டியின் பாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. சைக்கிள் பம்பால் வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும் அல்லவா, அதே விதிதான் இங்கேயும். 40 டிகிரி காற்றை 1.8 மடங்கு அமுக்கினால், அது டர்போவிலிருந்து ஏறக்குறைய 120 டிகிரியில் வெளியே வருகிறது. சூடான காற்று விரிந்துவிடுவதால் 1.8 மடங்கு அழுத்தம் கொடுத்தும் கிடைக்கும் காற்றின் எடை 1.4 மடங்கு மட்டுமே. இடையில் ரேடியேட்டர் போன்ற ஒரு இன்டர்கூலர் வைத்து அந்தக் காற்றை 60 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் எடை ஏறக்குறைய 1.7 மடங்காகிறது. டர்போவைத் தொடவே இல்லை. வெறும் குளிர்ச்சியிலேயே ஐந்தில் ஒரு பங்கு காற்று கூடுதலாகக் கிடைத்துவிட்டது.

இதை அறிந்தும் இன்டர்கூலரைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. பல வண்டிகளில் அது முன்பம்பருக்குப் பின்னால் ஒரு மூலையில் தாழ்வாக ஒளிந்திருக்கும். மேலூர்ப் பக்கம் கல்குவாரி லாரிகளுக்குப் பின்னால் ஓடிய வண்டி என்றால் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத் தூள் அப்பியிருக்கும். அறுவடைக் காலத்தில் வாடிப்பட்டிப் பக்கம் இரவில் ஓடியிருந்தால் பூச்சிகளும் வைக்கோல் துணுக்கும் சேர்ந்துகொள்ளும். பம்பரைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் குழாயை நேராகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பே தேவலாம் என்றாகிவிடும்.

டர்போவின் நடுவில் இருக்கும் தண்டு விரல் தடிமன்கூட இல்லை. ஒரு பக்கச் சக்கரத்தில் 700 டிகிரியைத் தாண்டும் புகை, மறுபக்கத்தில் வெளிக்காற்று. சுழற்சி நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் போகும். பெரும்பாலான பழைய டர்போக்களில் இதைத் தாங்க குண்டு பேரிங் கிடையாது. வெண்கல வளையங்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய ஆயில் படலத்தில் தண்டு மிதக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசவே கூடாது. ஆகவே இன்ஜின் ஆயில்தான் இங்கே பேரிங், அதுவேதான் குளிர்விப்பானும்.

மலையேறி முடித்த கையோடு சாவியைத் திருகி நிறுத்தினால் ஆயில் ஓட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். பழுக்கக் காய்ந்த இரும்பின் வெப்பம் மெல்லத் தண்டுக்கு நகரும். அங்கே தேங்கி நிற்கும் ஆயில் கருகிக் கரித்துகளாகப் படியும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கரி வளர்ந்து ஆயில் வரும் மெல்லிய குழாயை அடைக்கும். அதனால்தான் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள் என்கிறார்கள். ஆனால் இதை மந்திரம்போல் எல்லா நேரமும் கடைப்பிடிப்பதில் பொருள் இல்லை. மாசி வீதியில் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தும் வண்டியின் டர்போ ஏற்கெனவே ஆறித்தான் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் விரட்டி வந்து டீக்கடையில் நிறுத்தும்போதும், மலையேறிய உடனேயும்தான் அந்த ஒரு நிமிடம் தேவை.

பழைய வண்டியில் பிக்கப் குறைந்து கரும்புகை வந்தால் பட்டறையில் முதலில் வரும் தீர்ப்பு, டர்போ போய்விட்டது என்பதே. பல நேரம் போயிருப்பது டர்போ அல்ல, ரப்பர் ஹோஸ். டர்போ அமுக்கிய காற்று வழியிலேயே கசிந்தால், டீசல் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் எரிந்து கரி கிளம்பும். நீலப்புகை வந்தால் கதை வேறு. அது ஆயில் எரிவது.

கசிவைக் கண்டுபிடிக்கப் புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் வைத்திருக்கும் கருவி, பி.வி.சி. குழாய் மூடியில் துளையிட்டு டியூப்லெஸ் டயரின் வால்வை மாட்டியது. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் இந்த மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார். இன்ஜினின் ஆயில் அறையிலிருந்து வரும் பிரீதர் ஹோஸின் வாயை அடைத்துவிடுகிறார். இல்லாவிட்டால் காற்று முழுவதும் ஆயில் அறைக்குள் போய்விடும். பிறகு பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு மேல் போகாமல் காற்றை விடுகிறார். "சத்தத்தை நம்பாதீர்கள் அண்ணே, எல்லா இன்ஜினிலும் வால்வு வழியே கொஞ்சம் சீறும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார்.

என் வண்டியில் அகப்பட்டது இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் கடிக்கும் இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி. காற்று இல்லாதபோது நகக்கீறல் போலத்தான் தெரிந்தது. விரலால் தடவினாலும் பிடிபடவில்லை. அழுத்தம் ஏறியதும் கீறலின் இரு உதடுகளும் பிரிந்து, ஆயில் கலந்த கறுப்புக் குமிழிகள் வரிசையாக வெளியே வந்தன. இன்ஜின் சும்மா ஓடும்போது கசிவு தெரியாமல், மேட்டில் ஏறும்போது மட்டும் மூச்சு முட்டியதற்குக் காரணம் இதுவே. புது ஹோஸின் விலை, பழுது பார்த்த டர்போவின் விலையில் ஒரு சிறு பகுதி.

ஹோஸ் சரியாக இருந்தால்தான் டர்போவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு தண்டின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடும். ஆயில் இல்லாத நிலையில் அந்த ஆட்டம் இயல்பே. இறக்கை சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் உணரும்படி நகர்ந்தால் தண்டைப் பிடித்திருக்கும் வளையம் தேய்ந்துவிட்டது. அப்போதும் புது டர்போவை மட்டும் மாட்டிப் பயனில்லை. பழையது செத்தது ஆயில் பட்டினியால் என்றால், ஆயில் குழாயையும் அதன் துளைபோட்ட போல்ட்டையும் மாற்றாதவரை புதியதற்கும் அதே கதிதான். காற்றுப் பக்கச் சக்கரத்தின் ஓரங்கள் மணலில் தீட்டியதுபோல் தேய்ந்திருந்தால் குற்றவாளி ஏர் ஃபில்டரின் இடைவெளி வழியே நுழைந்த தூசி. டர்போவைக் கொல்வது ஆயில் பட்டினியும் தூசியுமே. அது தானாகச் சாவது அரிது.

அடுத்து, மாற்றியமைக்கும் ஆசை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வில் உள்ள கணக்கை மாற்றி எழுதினால் டர்போ டீசலின் இழுவை கணிசமாகக் கூடும் என்பது உண்மை. எங்கிருந்து வருகிறது அது? கூடுதல் டீசல், கூடுதல் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம். சிறிய டர்போவை அதன் எல்லைக்கு மேல் சுழற்றினால் காற்று கூடுவது நின்று வெப்பம் மட்டும் கூடும். புகை வெளியேறும் மேனிபோல்டும் பிஸ்டனும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். அதற்கு முன்பே இருபது ஆண்டுக் கிளட்ச் நழுவத் தொடங்கிவிடும். சட்டமும் இதில் விளையாட்டுக்கு இடம் வைக்கவில்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது புகையும் பார்க்கப்படும். சைலன்சர் முனையில் விசில் சொருகி டர்போ சத்தம் வரவழைப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நான் கூட்டியது ஒன்றே ஒன்று, டாஷ்போர்டின் ஓரத்தில் ஒரு பூஸ்ட் மீட்டர். முழு மிதியில், மூன்றாவது கியரில், நத்தம் சாலையின் ஏற்றத்தில் ஊசி எந்த எண்ணில் நிற்கிறது என்று வண்டி நன்றாக இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 0.8 காட்டியது 0.6க்கு இறங்கினால், டர்போ விலையை விசாரிப்பதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரைக் கரைத்தால் போதும்.